யாரும் கண்டுக்கல

இந்தப் பக்கம் வந்து ரெண்டு மாசம் ஆகப் போகுது. ஆபீஸ்ல ஆணி அதிகம். அதுவும் சாதாரண ஆணி இல்ல, ஆறு இன்ச் ஆணி. ராத்திரி பகலா உக்காந்து பிடுங்கி முடிச்ச பிறகுதான் தெரிஞ்சுது, அதை அடிச்சு வச்சதே நான்தான்னு.

இந்தப் பதிவு பொட்டி தட்டுற சமாச்சாரமாத்தான் ஆரம்பிக்கும். கவிதை, சினிமா விமர்சனம் எதிர்பார்த்து வந்தவங்க கொஞ்சம் பொறுமையா இருங்க. நடுவுல வர்றது எல்லாருக்கும் புரியுற மாதிரி சொல்ல முயற்சி பண்றேன். கடைசில ஒரு மன்னிப்பு இருக்கு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பில்டப்பு.

முதல்ல எங்க வேலை என்னன்னு சொல்லிடறேன். தொழிற்சாலைகள்ல சென்சார்கள்கிட்ட இருந்து வர்ற அளவுகளைப் பிடிச்சுக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிற கார்டு ஒண்ணு. கார்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா அதோட டிரைவர் பழைய விண்டோஸ் 7-ல மட்டும்தான் ஓடும். மத்த எல்லாம் லினக்ஸ்ல வேணும்னு கஸ்டமர் கேக்கறாங்க. அதனால ஒரே பொட்டிக்குள்ள கீழ லினக்ஸ், அதுக்கு மேல வர்ச்சுவல் மெஷின்ல அந்தப் பழைய விண்டோஸ். கார்டை அப்படியே தூக்கி உள்ள இருக்கிற விண்டோஸ் கையில கொடுத்துடணும். இதுக்குப் பேர்தான் பாஸ்த்ரூ. கீழ இருக்கிற லினக்ஸை ஹோஸ்ட்னும் மேல இருக்கிறதை கெஸ்ட்னும் சொல்லுவோம். ஆபரேட்டர் தொட்டுத் தொட்டு வேலை பாக்குற டச் ஸ்கிரீன் ஹோஸ்ட் பக்கம், யூஎஸ்பி-ல சொருகியிருக்கும்.

லினக்ஸ்ல இதுக்கு விஎஃப்ஐஓ-ன்னு ஒரு பகுதி இருக்கு. 2012-ல 3.6 கெர்னலோட உள்ள வந்தது. அது கார்டை வாங்கி, கெஸ்ட்டை ஓட்டுற ப்ரோக்ராம் கையில கொடுக்கும். உலகம் பூரா அந்த ப்ரோக்ராமா கியூஎமுவைத்தான் வச்சிருக்காங்க. எங்க ஆளுங்களுக்கு அது பெருசா இருக்காம். அதனால சின்னதா ஒண்ணு சொந்தமா எழுதினோம். அதுல இன்டரப்ட் பகுதி என் தலையில.

இன்டரப்ட்னா என்னங்க?

அடுப்புல பால் வச்சா பக்கத்துலயே நிக்கணும். குக்கர் வச்சா நிக்க வேணாம், விசில் வந்தா போனாப் போதும். அந்த விசில்தான் இன்டரப்ட். கார்டுல புதுசா அளவு வந்ததும் விசில் அடிக்கும். சிபியு கையில இருக்கிற வேலையைப் போட்டுட்டு ஓடி வந்து கேக்கும். அவ்வளவுதான்.

இந்த விசில் அடிக்கிற முறையில மூணு தலைமுறை இருக்கு. முதல் தலைமுறைக்குப் பேர் இன்ட்-எக்ஸ்.

ஒண்டுக்குடித்தனத்துல இருந்தவங்களுக்கு இது உடனே புரியும். வாசல்ல ஒரே ஒரு காலிங் பெல். உள்ள ஆறு குடித்தனம். பால்காரர், கேஸ் சிலிண்டர், போஸ்ட்மேன், யார் வந்தாலும் அதே பெல்தான். பிசிஐ-ல மொத்தம் நாலே நாலு கம்பி: ஏ, பி, சி, டி. கார்டு எத்தனை இருந்தாலும் அந்த நாலுக்குள்ள பங்கு போட்டுக்கணும். பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்த பிறகு நிஜக் கம்பி போயிடுச்சு. ஆனா "பெல்லை அழுத்திட்டேன்", "விட்டுட்டேன்"னு ரெண்டு செய்தி அனுப்பி அதே நாடகத்தை இன்னும் நடத்துறாங்க.

இன்னொரு விசேஷம், வந்தவர் பெல்லை ஒரு தடவை தட்டிட்டு நிக்க மாட்டார். கதவைத் திறந்து "என்னங்க வேணும்?"னு கேக்குற வரைக்கும் விரலை எடுக்கவே மாட்டார். இதுக்கு லெவல் டிரிக்கர்னு பேர்.

இந்த வீட்டோட ஓனர்தான் கெர்னல். பெல் அடிச்சா ஒவ்வொரு குடித்தனமா போய் "உங்க வீட்டுக்கு வந்தவரா?"ன்னு கேப்பார். குடித்தனக்காரங்கதான் டிரைவர்கள். அவங்கவங்க எட்டிப் பாத்து "ஆமா"ன்னோ "இல்ல"ன்னோ உண்மையைச் சொல்லணும். மொத்த ஏற்பாடும் இந்த நாணயத்தை நம்பித்தான் ஓடுது.

எல்லாரும் "எங்க வீட்டுக்கு இல்ல"ன்னு சொல்லிட்டு, பெல்லும் நிக்காம அடிச்சுக்கிட்டே இருந்தா? ஓனர் எண்ண ஆரம்பிப்பார். ஒரு லட்சம் தடவை அடிச்சதுல 99,900 தடவைக்கு மேல யாரும் ஏத்துக்கலைன்னா பெல் ஒயரைப் பிடுங்கிடுவார். பிடுங்கினதை லாக்ல எழுதியும் வைப்பார். லினக்ஸ் கெர்னல்ல அந்த வரி "நோபடி கேர்ட்"னு வரும். யாரும் கண்டுக்கல. சில வரிகள் தள்ளி "இந்த நம்பர் இன்டரப்ட்டை நிறுத்தறேன்".

ஒயரைப் பிடுங்கினா தப்பு பண்ணவனுக்கு மட்டும் இல்ல, அந்த பெல்லைப் பங்கு போட்ட எல்லாருக்கும் பெல் கிடையாது. ஓனர் முழுசாக் கைவிட மாட்டார். விநாடிக்குப் பத்து தடவை வாசலுக்குப் போய் யாராவது நிக்கறாங்களான்னு பாத்துட்டு வருவார். மனுஷனுக்கு அது வேகம். கம்ப்யூட்டருக்கு அது ஆமை. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கதைக்குத் தேவைப்படும்.

அடுத்த ரெண்டு தலைமுறை

1998-ல பிசிஐ 2.2-ல எம்எஸ்ஐ வந்தது. இங்க பெல்லே கிடையாது. கார்டு ஒரு குறிப்பிட்ட மெமரி முகவரியில ஒரு நம்பரை எழுதும். மிஸ்டு கால் மாதிரி. யார்கிட்ட இருந்துன்னு நம்பரைப் பாத்தாலே தெரியும். பங்கு போட வேண்டாம், "உங்க வீட்டுக்கா?" விசாரணையும் வேண்டாம். ஒரு கார்டுக்கு 32 நம்பர் வரைக்கும். பிறகு 2004-ல பிசிஐ 3.0-ல எம்எஸ்ஐ-எக்ஸ் வந்தது. அதுல 2048 நம்பர் வரைக்கும் போகலாம். நெட்வொர்க் கார்டுகள் ஒவ்வொரு சிபியு கோருக்கும் தனித்தனி வரிசை வச்சு, ஒவ்வொண்ணுக்கும் தனி நம்பர் வச்சுக்கறது இதனாலதான்.

"அப்ப எல்லாத்தையும் எம்எஸ்ஐ-ல வச்சுக்கிட்டா முடிஞ்சுதே"ன்னு கேப்பீங்க. நானும் அதைத்தான் நினைச்சேன். அங்கதான் சனி.

ஒரு கார்டு எந்த நேரத்துலயும் மூணு முறையில ஒண்ணுலதான் இருக்கும். எதுலன்னு முடிவு பண்றது கெஸ்ட்ல இருக்கிற டிரைவர். பவர் போட்டதும் எல்லாக் கார்டும் இன்ட்-எக்ஸ்லதான் எழுந்திருக்கும். டிரைவர் வந்து எம்எஸ்ஐ-க்கு மாத்தும். டிரைவர் போனா, கெஸ்ட் ரீபூட் ஆனா, மறுபடி இன்ட்-எக்ஸ். விண்டோஸ்ல விஸ்டாவுக்கு முந்தி எம்எஸ்ஐ-யே கிடையாது. ஆக, பழைய பெல் ஒயரைச் சுவத்துல இருந்து யாரும் பிடுங்கலை. வெள்ளை அடிச்சு மறைச்சிருக்காங்க.

பாஸ்த்ரூ எழுதுறவன் இந்த மூணு முறையையும், ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாறுற எல்லா வழியையும் கையாளணும். இதுல எம்எஸ்ஐ ரொம்பச் சுலபம். ஹோஸ்ட்ல மிஸ்டு கால் வந்ததும் விஎஃப்ஐஓ ஒரு ஈவன்ட்எஃப்டி-யைத் தட்டும், கேவிஎம் அதைக் கெஸ்ட்டுக்குள்ள ஒரு மிஸ்டு காலா மாத்தி விடும். யாரும் யாருக்கும் காத்திருக்க வேண்டாம். புது சிப்புகள்ல ஹோஸ்ட்டை எழுப்பாமலே நேரா கெஸ்ட்டுக்குப் போற வழி கூட இருக்கு. ரெண்டு நாள்ல எழுதிட்டேன். காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

இன்ட்-எக்ஸ்தான் வில்லங்கம். ஏன்னா கதவைத் திறக்க வேண்டியவர் மாடியில பூட்டின ரூம்ல இருக்கார் (அதாங்க கெஸ்ட்). வாசல்ல வாட்ச்மேன் மட்டும்தான் (விஎஃப்ஐஓ). வந்தவர் பெல்லை விடாம அழுத்திக்கிட்டே இருக்கார். மாடிக்காரர் இறங்கி வர்ற வரைக்கும் வீடே அலறும். அதனால வாட்ச்மேன் மூணு காரியம் பண்ணணும்:

1. ஓனர் கேக்கும்போது எட்டிப் பாத்து "ஆமா, இவர் எங்க ஆள்தான்"னு சொல்லணும்.
2. வந்தவர் கையைப் பிடிச்சு பெல்லுல இருந்து விலக்கி வச்சுக்கணும். பிறகு மாடிக்கு ஒரு சீட்டு அனுப்பணும்.
3. மாடியில இருந்து "பாத்தாச்சு"ன்னு பதில் வந்ததும் கையை விடணும். இன்னும் தேவை இருந்தா அவர் மறுபடி அழுத்துவார்.

இதுக்கு கார்டுல ரெண்டு பிட் வேணும். பெல் அடிக்காதேன்னு சொல்ல ஒரு பிட், இப்ப நான்தான் அடிக்கிறேன்னு காட்ட ஒரு பிட். ரெண்டும் 2002-ல பிசிஐ 2.3-ல வந்தது. இந்த ரெண்டும் ஒழுங்கா இருந்தா பெல்லை மத்தவங்களோட பங்கு போட்டுக்கலாம். இல்லைன்னா வாட்ச்மேன் மொத்த ஒயரையே பிடிச்சு நிறுத்தணும். அப்ப அந்த ஒயர்ல வேற யாரும் இருக்கக் கூடாது.

கெர்னல் இதைச் சோதிச்சுப் பாக்கும். எப்படி? முதல் பிட்டை மாத்தி எழுதிப் பாக்கும், மாறுதான்னு. மாறிச்சுன்னா "நல்ல கார்டு"ன்னு சர்ட்டிபிகேட். ரெண்டாவது பிட் நிஜமா உண்மை பேசுதான்னு இந்தச் சோதனையில தெரியாது. அதுக்குக் கார்டு நிஜமா ஒரு தடவை பெல் அடிக்கணுமே.

கதைக்குத் தேவையான டெக்னிக்கல் இவ்வளவுதான். தண்ணி குடிச்சுட்டு வாங்க.

மவுஸ் இழுக்குதுண்ணா

எங்க டீம்ல டெஸ்டிங்குக்கு ஒரு பொண்ணு. காலேஜ் முடிச்சு வந்து ஒரு வருஷம் கூட ஆகலை. ரிலீஸுக்கு மூணு வாரம் முன்னாடி என் சீட்டுக்கு வந்துச்சு.

"அண்ணா, விஎம்-மை ரீபூட் பண்ணினா மவுஸ் இழுக்குதுண்ணா."

"எந்த மவுஸ்? விண்டோஸ் உள்ளயா?"

"இல்லண்ணா, வெளியில. லினக்ஸ்ல. விட்டு விட்டுப் போகுது."

"அந்த டெஸ்ட் பொட்டி மவுஸ் பழசும்மா. அட்மின்கிட்ட புதுசு கேளு."

தலையாட்டிட்டுப் போச்சு. போய் புது மவுஸ் வாங்கி, அதுலயும் இழுக்குதுன்னு பாத்து, முறையா பக் போட்டுச்சு. நான் என் சீட்டுல இருந்து அந்தப் பொட்டிக்கு எஸ்எஸ்ஹெச்-ல போனேன். கெஸ்ட்டை அஞ்சு தடவை ரீபூட் பண்ணேன். எல்லாம் சுகம். "மறுபடி வரவழைக்க முடியவில்லை"ன்னு போட்டு மூடினேன்.

மறுபடி திறந்துச்சு. மறுபடி மூடினேன். மூணாவது தடவை போன்ல ஒரு வீடியோ எடுத்து அதோட சேத்துப் போட்டிருந்துச்சு. அந்த வீடியோவை நான் திறக்கவே இல்லை. ரிலீஸ் வாரம், தலைக்கு மேல வேலை, கெஸ்ட்டுக்கும் ஹோஸ்ட்டு மவுஸுக்கும் என்ன சம்பந்தம்னு ஒரு மிதப்பு. "எங்கள் கோடுக்குச் சம்பந்தமில்லாதது"ன்னு எழுதி மூடினேன். அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு இதைப் பத்திப் பேசலை. பிரச்சினை தீந்துச்சுன்னு நினைச்சேன்.

ரிலீஸ் ஆச்சு. பதினோராம் நாள் ராத்திரி சைட்ல இருந்து போன். டச் ஸ்கிரீன் வேலை செய்யலை. ஆபரேட்டர் திரையில "நிறுத்து"ன்னு அழுத்தியிருக்கார், ஒண்ணும் நடக்கலை. மறுபடி மறுபடி அழுத்தியிருக்கார். கடைசில சுவத்துல இருக்கிற சிவப்புப் பொத்தானைக் குத்தி மெஷினை நிறுத்தியிருக்கார். அது கம்ப்யூட்டரை நம்பாத தனி ஒயர். நல்லவேளை. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஓடிக்கிட்டு இருந்த சரக்கு மட்டும் குப்பைக்குப் போச்சு.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை"ன்னு இப்ப ஒரே வரியில எழுதிட்டேன். அன்னைக்கு ராத்திரி போனை வச்ச பிறகு ரொம்ப நேரம் கை நடுங்குச்சு. அந்தச் சிவப்புப் பொத்தானை வச்சது நான் இல்ல. எனக்கு முன்னாடி யாரோ ஒரு எலக்ட்ரிகல் ஆளு, கம்ப்யூட்டர்காரங்களை நம்பாம வச்சது. அவர் நல்லா இருக்கணும்.

காலையில ஹோஸ்ட் லாக்கை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்தது. அந்த வரி நட்ட நடுவுல இருந்துச்சு. ஐஆர்க்யூ 16: நோபடி கேர்ட்.

ஆபரேட்டர் அப்படித்தானேண்ணா பண்ணுவார்?

நேரா அந்தப் பொண்ணுகிட்ட போனேன். "மவுஸ் இழுக்குதுன்னியே, அதைக் காட்டு."

நாலே நிமிஷம். கெஸ்ட்ல அளவு பிடிக்கிறதை ஆரம்பிச்சுது. ஓடிக்கிட்டு இருக்கும்போதே ரீபூட் அழுத்துச்சு. கெஸ்ட் மறுபடி எழுந்திருக்கும்போது ஹோஸ்ட் மவுஸ் குதிச்சுக் குதிச்சுப் போக ஆரம்பிச்சுது.

"ஓடிக்கிட்டு இருக்கும்போதேவா ரீபூட் பண்ணுவே?"

"ஆபரேட்டர் அப்படித்தானேண்ணா பண்ணுவார்? நிறுத்திட்டுப் பண்ணணும்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

பதில் சொல்ல ஒண்ணும் இல்லை. நான் ஒவ்வொரு தடவையும் நல்ல பிள்ளையா கார்டை நிறுத்திட்டுத்தான் ரீபூட் பண்ணியிருக்கேன். கோடு எழுதினவனுக்கு எங்க குழி இருக்குன்னு கால் தானா தெரிஞ்சு விலகிப் போகும். போதாததுக்கு நான் எஸ்எஸ்ஹெச்-ல இருந்தேன். அந்தப் பொட்டியோட மவுஸை ஒரு நாள் கூடத் தொட்டதில்லை. பாத்த லாக்கும் எங்க ப்ரோக்ராமோட லாக்தான். ஹோஸ்ட் கெர்னல் லாக் பக்கம் எட்டிக்கூடப் பாக்கலை.

நடந்தது இதுதான். கெஸ்ட் ஓடும்போது கார்டு எம்எஸ்ஐ-ல இருக்கு. ரீபூட் ஆனதும் எங்க ப்ரோக்ராம் எம்எஸ்ஐ-யை நிறுத்தி இன்ட்-எக்ஸுக்கு மாத்துது. கார்டைத் தனியா ரீசெட் பண்ற வசதி அந்தக் கார்டுல இல்லை. அதனால அது பாட்டுக்கு அளவு பிடிச்சுக்கிட்டே இருக்கு. அளவு வந்ததும் பழைய பெல்லை அழுத்துது. வாட்ச்மேன் எட்டிப் பாக்குறார். கார்டோட ரெண்டாவது பிட் "நான் அடிக்கலையே"ன்னு சொல்லுது. விரல் பெல் மேலயே இருக்கு, வாய் மட்டும் இல்லைங்குது! வாட்ச்மேன் அதை நம்பி ஓனர்கிட்ட "எங்க ஆள் இல்லை"ன்னு சொல்லிட்டார். அதே 16-ம் நம்பர் ஒயர்ல இருந்த இன்னொரு குடித்தனம் பழைய ரக யூஎஸ்பி கண்ட்ரோலர். அதுவும் உண்மையா "இல்லை"ன்னு சொல்லிச்சு. ஒரு லட்சம் எண்ண ரொம்ப நேரம் ஆகாது. ஓனர் ஒயரைப் பிடுங்கிட்டார். அதுக்கப்புறம் யூஎஸ்பி-க்கு விநாடிக்குப் பத்து தடவை தரிசனம்தான். மவுஸ் இழுத்தது, டச் ஸ்கிரீன் தடுமாறுனது எல்லாம் அதனாலதான்.

கார்டு ஹார்டுவேர்ல குறை. சரி. ஆனா அதைச் சொல்லித் தப்பிக்க முடியாது. இந்த மாதிரி கார்டுகள் உலகத்துல இருக்குன்னு கெர்னல்காரங்களுக்கு நல்லாவே தெரியும். அடிக்காதேன்னு சொல்ற பிட் சரியா வேலை செய்யாத கார்டுகளுக்குன்னே கெர்னல்ல ஒரு பட்டியல் இருக்கு. ரியல்டெக் 8169 நெட்வொர்க் கார்டுல ஒரு ரகம், அந்தப் பிட்டை நம்பி பாஸ்த்ரூ பண்ணினா வேலை செய்யாதுன்னு அதுல எழுதியே வச்சிருக்காங்க. நான் அந்தப் பட்டியலைப் பாத்திருக்கணும், எங்க கார்டை இன்ட்-எக்ஸ்ல வச்சு நிஜமா ஒரு தடவை பெல் அடிக்க விட்டுப் பாத்திருக்கணும். "அதெல்லாம் யாரு யூஸ் பண்றா"ன்னு விட்டுட்டேன்.

ரெண்டு வரி

முதல்ல சுலபமான வழியைப் பாத்தேன். விஎஃப்ஐஓ-வுக்கு நோஇன்ட்எக்ஸ்மாஸ்க்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. கார்டுகளோட பிட்டை நம்பாதே, ஒயரையே பிடின்னு அர்த்தம். போட்டேன். மைனஸ் 16-ன்னு எரர். அதாவது "பிஸி". ஒயரை யூஎஸ்பி-யோட பங்கு போட்டிருக்கே, தனியாத் தர மாட்டேன்னு சொல்லிடுச்சு. நியாயம்தான். 16-ம் நம்பருக்கும் எனக்கும் ஏதோ பூர்வ ஜென்மப் பகை.

கார்டை வேற ஸ்லாட்டுல மாத்திச் சொருகினா எங்க ஆபீஸ் பொட்டியில சரியாகும். சைட்ல இருக்கிற பொட்டிகள்ல அந்த ஒரு ஸ்லாட்தான் காலி.

அப்புறம்தான் விஎஃப்ஐஓ கோடை வரி வரியாப் படிச்சேன். அதுல சின்னதா ஒரு ஃபங்க்ஷன். இன்டெலோட எக்ஸ்எல்710 குடும்ப நெட்வொர்க் கார்டுகளுக்கும் இதே வியாதி. அடிக்காதேன்னா கேக்கும், அடிக்கிறது யாருன்னா சொல்லாது. அங்க ஒரு அருமையான யோசனை பண்ணியிருக்காங்க. பெல் அடிக்காதேன்னு சொல்ற பிட்தான் ஒழுங்கா வேலை செய்யுதே? அப்ப அதை ஹோஸ்ட்ல நிரந்தரமாப் போட்டு வச்சுட்டு, கெஸ்ட்கிட்ட "இந்தக் கார்டுக்கு பெல்லே கிடையாது"ன்னு சொல்லிடலாம். பெல்லே இல்லைன்னு நினைக்கிற கெஸ்ட், எம்எஸ்ஐ-யை மட்டும்தான் கேக்கும். ரீபூட் ஆகுற நேரத்துல கார்டு வாயை மூடிக்கிட்டு இருக்கும். டிரைவர் வந்து எம்எஸ்ஐ-யைத் திறந்ததும் பேசும்.

அந்தப் பட்டியல்ல எங்க கார்டோட நம்பரைச் சேத்தேன். ரெண்டு வரி. ரெண்டு மாச ஆணி, ரெண்டு வரி. பொட்டி தட்டுறவங்களுக்கு இந்தக் கணக்கு பழக்கம்தான்.

இன்ட்-எக்ஸ்ல வழுக்கி விழுந்தது நான் மட்டும் இல்லைன்னு தெரிஞ்சப்ப ஒரு அல்ப ஆறுதல். விஎஃப்ஐஓ-வுக்குள்ளயே இந்த இன்ட்-எக்ஸ் பகுதியில 2024-ல சில ஓட்டைகளை அடைச்சாங்க. அதுல ஒண்ணு நம்ம கதைக்கு ஒண்ணுவிட்ட தம்பி. ஒயரையே பிடிக்க வேண்டிய கார்டுகளுக்கு, இன்டரப்ட்டைக் கேட்டு வாங்குன கணமே அது திறந்துடும், பிறகுதான் மூடுவாங்க. அந்த நூலிழை இடைவெளியில பெல் அடிச்சா ரெண்டு தடவை பூட்டு விழும். சாவி ஒரு தடவைதான் திருப்பலாம். அதுக்கப்புறம் அந்த பெல் கேக்கவே கேக்காது. 2012-ல உள்ள வந்த கோடு, உலகம் பூரா ஓடுற கோடு, அதுலயே பன்னிரண்டு வருஷம் கழிச்சு. யாரும் அந்தப் பக்கம் அவ்வளவாப் போறதில்லை, அதான். எல்லாரும் எம்எஸ்ஐ ரோட்டுல போயிடறாங்க.

கடைசியா, மன்னிப்பு

சைட்டுக்கு பேட்ச் போச்சு. ஓடிக்கிட்டு இருக்கும்போதே நாப்பது தடவை ரீபூட் பண்ணிப் பாத்தாச்சு, இந்தத் தடவை நானே அந்தப் பொட்டி முன்னாடி உக்காந்து, கையில மவுஸைப் பிடிச்சுக்கிட்டு.

மூடின பக்கை மறுபடி திறந்தேன். டீம் முழுக்க, மேனேஜரையும் சேத்து, ஒரு மெயில் போட்டேன். இந்தப் பிரச்சினை ரிலீஸுக்கு மூணு வாரம் முன்னாடியே கண்டுபிடிக்கப்பட்டது, கண்டுபிடிச்சவர் இவர், மூணு தடவை தப்பா மூடினது நான், வீடியோவைத் திறக்காததும் நான். அனுப்பு பட்டனை அழுத்த அரை மணி நேரம் ஆச்சுங்கறதையும் ஒத்துக்கறேன்.

அப்புறம் அந்தப் பொண்ணு சீட்டுக்குப் போய் நேர்லயும் சொன்னேன். "தப்பு என்னோடதும்மா. மன்னிச்சுக்கோ."

"பரவால்லண்ணா." கொஞ்ச நேரம் திரையையே பாத்துச்சு. பிறகு மெதுவா, "அண்ணா, இன்னும் நாலு இருக்கு. போடவா?"

"என்ன நாலு?"

"அந்த மூணாவது தடவைக்கப்புறம் பாத்ததுண்ணா. எப்படியும் மூடிடுவீங்கன்னு போடலை. நோட்டுல எழுதி மட்டும் வச்சிருக்கேன்."

எனக்கு அந்த இடத்துலதான் சுருக்குன்னு குத்துச்சு. கஸ்டமர் போன் பண்ணப்ப வந்தது பயம். இது வேற. கெர்னல் லாக்ல படிச்ச அதே ரெண்டு வரி எங்க டீம்லயும் நடந்திருக்கு. கண்டுக்க ஆள் இல்லை, அதனால ஒயரைப் பிடுங்கியாச்சு. கெர்னலாவது ஒரு லட்சம் தடவை பொறுத்துச்சு. பிடுங்கின பிறகும் விநாடிக்குப் பத்து தடவை போய் எட்டிப் பாத்துச்சு. லாக்ல எழுதியும் வச்சுச்சு. நான் இதுல ஒண்ணு கூடச் செய்யலை. அந்தப் பொண்ணு பேசாம இருந்ததைப் பாத்து, பிரச்சினை தீந்துச்சுன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து அந்த நோட்டை வாங்கிப் படிச்சேன். நாலுல ஒண்ணு ஏற்கெனவே சரியானது. ஒண்ணு நிஜமாவே பழைய மவுஸ் :-) மிச்ச ரெண்டும் என் கோடு. அதுல ஒண்ணைத்தான் இப்ப பிடுங்கிக்கிட்டு இருக்கேன். அதனால அடுத்த பதிவும் லேட்டாத்தான் வரும்.

டிஸ்கி 1: லினக்ஸ் வச்சிருக்கவங்க ப்ராக் அடைவுக்குள்ள இன்டரப்ட்ஸ்னு ஒரு கோப்பு இருக்கும், திறந்து பாருங்க. ஐஓ-ஏபிஐசி-ன்னு போட்ட வரியில ரெண்டு மூணு பேர் ஒண்ணா இருந்தா அது ஒண்டுக்குடித்தனம். பிசிஐ-எம்எஸ்ஐ-ன்னு இருந்தா தனி வீடு. பாஸ்த்ரூ பண்றதுக்கு முன்னாடி உங்க கார்டு யாரோட பெல்லைப் பங்கு போடுதுன்னு பாத்துக்கோங்க.

டிஸ்கி 2: விஎம்-ல கிராபிக்ஸ் கார்டைக் கொடுத்து கேம் ஆடுற மக்களே, ஹெச்டிஎம்ஐ சத்தம் கரகரன்னு வந்தா ஸ்பீக்கரைத் திட்டாதீங்க. அந்த ஆடியோ பகுதி பல சமயம் இன்ட்-எக்ஸ்லயே உக்காந்திருக்கும். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில அந்தச் சாதனத்துக்கு எம்எஸ்ஐ-சப்போர்ட்டட்-ங்கறதை 1 ஆக்கிட்டு ரீபூட் பண்ணிப் பாருங்க. ரெஜிஸ்ட்ரியை ஒரு பிரதி எடுத்து வச்சுட்டுப் பண்ணுங்க, அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

டிஸ்கி 3: இந்தப் பதிவை அந்தப் பொண்ணுகிட்ட காட்டி, சரின்னு சொன்ன பிறகுதான் போடறேன். படிச்சுட்டு ஒரு பக் சொல்லிச்சு. "நாலு நிமிஷம் இல்லண்ணா, மூணுதான்."